கல் சொன்னதும் கதை சொன்னதும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மதுரையிலிருந்து புறப்பட்டோம். நண்பர் அறுவர், வாடகை வண்டி ஒன்று, கட்டுச்சோறு, கைவிளக்கு. இவற்றோடு கல்வெட்டு நூல் ஒன்றும் திருவிளையாடற் புராணம் ஒன்றும் கொண்டுபோனோம். "பகுத்தறிவு பேசும் உங்களுக்குப் புராணம் எதற்கு?" என்று வழியனுப்ப வந்த உறவினர் நகைத்தார். படிக்காமல் பழிப்பது பகுத்தறிவாகாது என்று கூறிவிட்டு வண்டியேறினோம்.

ஏட்டை எடைபோட மேசையும் விளக்கும் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சில ஏடுகளை அவை பேசும் மண்ணில் நின்றுதான் எடைபோட முடியும். திருவாதவூர் அத்தகைய மண். அங்கே ஒரு கோயிலும் இருக்கிறது, ஒரு குன்றும் இருக்கிறது. கோயிலைப் பற்றிய கதை நாடெங்கும் தெரியும். குன்று தன் வாயால் கூறும் செய்தி அடுத்த தெருவிற்கே தெரியாது. ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை காணவே நாம் சென்றோம்.

யானை வந்த கதை

வழியில் முதலில் எதிர்ப்படுவது யானைமலை. படுத்த யானை துதிக்கையை நீட்டியது போன்ற ஒற்றைப் பெருங்கல். புராணத்தைத் திறந்தோம். சமணர்கள் வேள்வித் தீயில் ஒரு யானையை உண்டாக்கி மதுரையை அழிக்க ஏவினர். சொக்கநாதர் அம்பெய்து அதை வீழ்த்தினார். வீழ்ந்த யானையே மலையாயிற்று என்கிறது கதை. நாகமலைக்குப் பாம்புக் கதை, பசுமலைக்குப் பசுக் கதை. மதுரையைச் சுற்றியுள்ள இம்மலைகள் சமணர் ஏவிய பகைகளாகவே புராணத்தில் நிற்கின்றன.

இனி, மலை சொல்வதைக் கேளுங்கள். மேலே ஒரு குகைத்தளத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டு உள்ளது. அங்குத் தங்கிய துறவியர் உறையுளைக் குறிக்கும் அவ்வெழுத்து, மலையை 'இவகுன்றம்' என்கிறது. இவம், இபம், எல்லாம் யானையே. மலை யானைபோல் இருந்தது. மக்கள் யானைக்குன்று என்றனர். அவ்வளவுதான். வேள்வியும் இல்லை, அம்பும் இல்லை. இதில் நாம் காணவேண்டியது கதையின் பொய்மையைவிட அதன் திறமையை. எந்த மலை சமணத் துறவியருக்கு வீடாக இருந்ததோ, அதே மலையைச் சமணர் ஏவிய கொலைக்கருவி என்று மாற்றிச் சொல்லிவிட்டது. வீட்டைப் பறித்தது மட்டுமா? வீட்டுக்காரன்மீதே குற்றமும் சாட்டிவிட்டது!

மலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி தொடங்கினான், முடியுமுன் மாண்டான், தம்பி மாறன் எயினன் முடித்தான். கல்வெட்டு தரும் கலியாண்டுக் கணக்கின்படி அது கி.பி. 770. கலையை மறுக்க நாம் வரவில்லை. கல்லைக் குடைந்து அறை செய்த கைவன்மையைக் கண்டு நின்றோம். அமைச்சர் இருவர் பெயரையும் அக்கல்வெட்டு நமக்குச் சொல்கிறது. உளி பிடித்தவன் பெயரைச் சொல்லவில்லை. கலை பேசுவோர் இதையும் பேசவேண்டும்.

நமக்குப் பிடித்த கதையும் கதையே

மலையின் மற்றொரு புறத்தில் பாறை முகப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். அவற்றுள் ஒன்று அச்சணந்தி. அதைக் கண்டதும் நம்முள் இளையவரான தோழர் கொதித்தார். "இவர்களைத்தானே எண்ணாயிரம் பேராகக் கழுவேற்றினார்கள்!" என்றார். நம் மேடைகளில் பன்முறை கேட்ட சொல். நாமும் பன்முறை முழங்கிய சொல்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியத் தோழர் அமைதியாகக் கேட்டார்: "ஞானசம்பந்தர் எந்த நூற்றாண்டு?"

"ஏழு."

"இந்த உருவங்கள்?"

"ஒன்பது, பத்து என்று நூல் சொல்கிறது."

"அப்படியானால் ஏழாம் நூற்றாண்டில் சமணம் மதுரையில் பூண்டோடு அழிந்திருந்தால், இருநூறு ஆண்டு கழித்து, மதுரைக்கு மிக அருகில், பாறையில் பெயர் பொறித்து இவற்றைச் செய்தவர் யார்?"

வாயடைத்து நின்றோம். கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும் அதே காலத்துச் சமண உருவங்கள் உண்டு. எண்ணாயிரம் என்னும் எண், நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பின்வந்த சைவ நூல்களில்தான் வருகிறது. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணமே அதை ஊரறியச் செய்தது. புராணத்தில் யானை கல்லானதை நம்ப மறுக்கும் நாம், அதே புராணக் குடும்பத்தைச் சேர்ந்த எண்ணாயிரத்தை மட்டும் கணக்கெடுப்பு ஏடுபோல் நம்புவது எந்த நீதி? வேண்டாத கதைக்குச் சான்று கேட்பதும், வேண்டிய கதைக்குக் கைதட்டுவதும் பகுத்தறிவு ஆகுமா?

இதைக் கேட்டு எதிர்முகாம் மகிழ வேண்டாம். சமணருக்குக் கொடுமையே நேரவில்லை என்று இவ்வுருவங்கள் கூறவில்லை. ஒரு கொலையைக் குற்றமாகக் கருதாமல், தெய்வ வெற்றியாக எழுதிப் பாடி மகிழ்ந்தவர்கள் இருந்தனர் என்பதற்கு அந்நூல்களே சான்று. கொலை நடந்ததா என்பதற்குச் சான்று தேவை. கொலையைப் போற்றினார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நாம் வாதாடவேண்டிய இடம் இது. எண்ணை விட்டுவிட்டால் நம் வழக்கு மெலியாது; வலுப்பெறும்.

வாதவூரின் கதை

ஒத்தக்கடையிலிருந்து கிழக்கே பிரியும் சாலை திருமோகூரைக் கடந்து திருவாதவூர் சேர்கிறது. கண்மாய்க் கரை, வயல்வெளி, இடையிடையே வெறும் பாறைத்திட்டு. திருமறைநாதர் கோயிலில் கூட்டம் இருந்தது. வாத நோய் தீரும் தலம் என்று நம்பி வந்தவர்கள் சிலர். முடங்கிய காலோடு ஒரு முதியவரைத் தூக்கிக்கொண்டு நின்றது ஒரு குடும்பம். அவர்களை நோக்கி நகைக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்வோம்: பக்கவாதம் தாக்கினால், மூளையின் குருதிக்குழாயில் கட்டிய அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தப்படவேண்டும். அந்த நேரத்தில் வண்டி திரும்பவேண்டிய திசை மருத்துவமனை. ஊர்ப்பெயரில் வாதம் இருப்பதால் வாதம் நீங்காது.

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதே திருவாதவூரின் பெரும்புகழ். அவரது திருவாசகத்தின் தமிழைக் குறைகூற நாம் துணியோம். ஜி.யூ.போப் என்ற வெளிநாட்டுப் பாதிரியார் முதுமையில் அதை மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்டார். தம் சமயமல்லாத நூலின் உருக்கத்தை அவர் மதித்தார். நாமும் மதிப்போம். நாம் எடைபோடுவது அவரைச் சுற்றிக் கட்டிய கதையை.

கதை என்ன? அரிமர்த்தன பாண்டியனுக்கு வாதவூரர் அமைச்சர். குதிரை வாங்கக் கருவூலப் பொருளோடு செல்கிறார். பெருந்துறையில் குருவைக் காண்கிறார். பொருளைக் கோயிலுக்குச் செலவிடுகிறார். அரசன் குதிரை கேட்கிறான். நரிகள் பரிகளாகி வருகின்றன; இரவில் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த உண்மைக் குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. அரசன் அமைச்சரை ஒறுக்கிறான். வைகை பெருக்கெடுக்கிறது.

இதைப் பக்தியின் வெற்றியாகப் படிப்பது ஒரு முறை. பொதுப்பணத்தின் கணக்காகப் படிப்பது மற்றொரு முறை. நாட்டுக் காவலுக்கென்று மக்கள் கொடுத்த வரி, ஒருவர் உள்ளம் உருகியதற்காக வேறு செலவாயிற்று. கணக்குக் கேட்டவன் கொடியவனானான். இருந்த குதிரையும் போயிற்று. வெள்ளம் வந்து ஊரும் நனைந்தது. செலவு செய்தவரின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் தூய்மை கணக்குக்கு ஈடாகுமா? கணக்குக் கேட்பதே பாவம் என்று கற்பிக்கும் கதை, எந்தக் காலத்து ஆட்சிக்கும் வசதியான கதை.

எனினும் இக்கதையில் ஓரிடம் நம் நெஞ்சைத் தொட்டது. வைகையின் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அரசாணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கு ஆள் இல்லை, கிழவி. ஆனாலும் அவள் பங்கு தள்ளுபடி ஆகவில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி ஒரு கூலியாள் வருகிறான். அவன் மண் சுமக்காமல் ஆடிப்பாடித் தூங்குகிறான். அரசன் பிரம்பால் அடிக்கிறான். அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. வந்தவன் இறைவன் என்று விளங்குகிறது.

புராணம் தன்னையறியாமல் ஓர் உண்மையைக் கூறிவிட்டது. துணையற்ற கிழவியிடமும் கூலியில்லா உழைப்பு கேட்ட ஆட்சி. வேலையில் தளர்ந்தவன் முதுகில் பிரம்பு. இவை கதாசிரியர் கற்பித்த அற்புதங்கள் அல்ல. தம் கண்முன் கண்ட நாட்டு நடப்பாக இருக்கவேண்டும். அதனால்தான் அவற்றுக்கு விளக்கமே தராமல் கதை ஓடுகிறது. ஆவணி மூலத்தில் வாதவூரர் திருவுருவம் மதுரைக்குச் சென்று பிட்டுத் திருவிழா நடக்கிறது. பல்லாயிரவர் கண்டு உருகுகின்றனர். அவர்களை நாம் கேட்கிறோம்: அடிபட்டவன் தெய்வமாக இருந்ததால் அடி எல்லாருக்கும் வலித்தது. அவன் வெறும் கூலியாளாகவே இருந்திருந்தால்? அன்று பிரம்படி பட்ட மற்றக் கூலிகளின் வலி யார் முதுகில் விழுந்தது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனுக்கு அப்புராணம் பயனுள்ள நூல்தான்.

குன்றின் கையொப்பம்

உச்சிவெயிலில் ஊருக்கு அருகிலுள்ள குன்றில் ஏறினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வழி காட்டினார். பாறை நிழலில் வழவழப்பான கற்படுக்கைகள்.

"இதுதான் தம்பி, பஞ்சபாண்டவர் படுத்த எடம். வனவாசத்துல வந்தாங்கள்ல, அப்ப."

"யார் சொன்னது ஐயா?"

"எங்க தாத்தா சொன்னாரு. அவருக்கு அவுங்க தாத்தா."

மேலே பாறை நெற்றியில் எழுத்துகள். நூலோடு ஒத்துப் பார்த்தோம். இரண்டு கல்வெட்டுகள், ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தொகுப்பில் படித்துத் தந்தவை. பாங்காடு என்னும் ஊரைச் சேர்ந்த அரிதன் கொடுப்பித்தான் என்கிறது ஒன்று. உபசன் பரசு இந்த உறையுளைக் கொடுப்பித்தான் என்கிறது மற்றொன்று. 'உறை' என்பதும் 'கொடுப்பித்தோன்' என்பதும் இன்றும் நமக்கு விளங்கும் தமிழ். தருமன் இல்லை, வீமன் இல்லை, அருச்சுனன் இல்லை. அரிதனும் பரசுவும் இருக்கிறார்கள்; ஈராயிரம் ஆண்டாகக் கையொப்பம் இட்டபடி இருக்கிறார்கள். தலைக்குமேலே பெயரைப் பொறித்துவைத்தும் வீடு மாற்றான் பெயருக்குப் பதிவானது!

பெரியவரைக் குறைசொல்வோமா? மாட்டோம். எழுத்து வழக்கொழிந்தது. படுக்கை இருக்கிறது, படுத்தவன் யார் என்று தெரியவில்லை. ஊர் மக்கள் தங்களுக்குத் தெரிந்த கதையிலிருந்து ஆள் தேடினர். தமிழ்நாட்டில் இத்தகைய கற்படுக்கை உள்ள குன்றுகள் பல பாண்டவர் பெயர் பெற்றது இவ்வாறே. இராபர்ட் சீவெல் மாங்குளக் கல்வெட்டை 1882இல் கண்டும், மொழி தமிழ் என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் 1924இல்தான் எடுத்துக்காட்டினார். படித்துக்காட்டியவர் எக்குலத்தவர் என்பது நமக்குக் கேள்வியல்ல; படித்தது சரியா என்பதே கேள்வி. நூறாண்டாக உண்மை நூலில் இருக்கிறது. அது ஆடு மேய்க்கும் பெரியவரின் காதுக்கு வரவில்லையென்றால், குற்றம் அவருடையதா, நூல் வைத்திருக்கும் நம்முடையதா?

விரலால் எழுத்தைத் தொடாமல் சுட்டிக்காட்டி, அவருக்குப் படித்துக் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பரசுன்னா ஆளு பேரா?" என்றார். ஆம் என்றோம். "எங்கூர்க்காரனா இருப்பானோ?" என்றார். அந்தக் கேள்வியில் வரலாறு தொடங்குகிறது.

உளியும் வெடியும்

மேலூர் வழியாகக் கீழவளவு சென்றோம். அங்கும் ஒரு சமணக் குன்று. எழுத்துகள் தலைகீழாகத் திரும்பிய ஒரு கல்வெட்டு. பள்ளி கொடுத்தவன் தொண்டியைச் சேர்ந்தவன் என்கிறது. கடற்கரைத் தொண்டி எங்கே, கீழவளவு எங்கே! ஆனால் சுற்றிலும் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது. கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த பெரும்பள்ளங்கள். பள்ளத்தில் பச்சைநிற நீர். அடுக்கிக் கிடக்கும் கற்பாளங்கள். மேலூர் வட்டாரத்துக் கிரானைட் முறைகேடு 2012இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2014இல் உயர்நீதிமன்றம் உ.சகாயத்தைச் சட்ட ஆணையராக அமர்த்தி ஆராயச் சொன்னது. குன்றின் பெயரைக் கதை பறித்தது. குன்றையே வாணிகம் பறித்தது. பெயர் தெரியாத குன்றை அறுப்பது எளிது.

கீழவளவுக்கு அண்மையில் மேலவளவு. 1997 சூன் 30ஆம் நாள், தனித்தொகுதியில் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம், தாழ்த்தப்பட்ட மக்கள் நாற்காலியில் அமர நினைத்தது. கலைச்சுற்றுலா செல்வோரின் வரைபடத்தில் இவ்வூர் இடம்பெறுவதில்லை. நாம் இறங்கி நின்று தலைவணங்கினோம். பழங்குகையின் பெயர்களைப் படித்துப் பெருமிதம் கொள்பவன், அண்மைக்காலத்துப் பெயர்களை மறந்தால் அவன் தமிழ்ப்பற்று வெறும் அணிகலன்.

மாலையில் அரிட்டாபட்டி. இங்கும் தமிழிக் கல்வெட்டு, சிவன் குடைவரை, அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் உருவம். அடுத்த மீனாட்சிபுரத்து மாங்குளக் குன்றில் நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை வணிகக் குழுவின் பெயரும். அப்பால் அழகர்மலைக் குகையில் உப்பு விற்றவன், கொழு விற்றவன், அறுவை விற்றவன் பெயர்கள். மன்னனோடு உப்பு வணிகனும் கல்லில் எழுதிய நாடு இது. இதைக்கொண்டு அது குறையே இல்லாத பொற்காலம் என்று முழங்கிவிட வேண்டாம்; அது நாம் எழுதும் புதிய தலபுராணமாகிவிடும். எழுத்து அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை என்பதே இவை தரும் செய்தி. அதுவே போதும்.

2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இவ்வூரையும் உள்ளிட்ட நிலப்பரப்பை 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டனர். ஊர்கள் எழுந்தன. கிராமசபைகள் தீர்மானம் இயற்றின. உழவரும் பெண்களும் நடந்தனர். டிசம்பர் 9இல் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. அம்மக்களின் கைகளில் என்ன இருந்தது? அம்பெய்யும் கடவுளை அவர்கள் காத்திருக்கவில்லை. எங்கள் குன்றில் இன்ன எழுத்து இருக்கிறது, இன்ன பறவை இருக்கிறது, இன்ன சுனை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். தெரிந்திருந்தது, சொன்னார்கள், குன்று நிற்கிறது.

தோழர்களே, தமிழி எழுத்துகளைக் கற்க ஒரு திங்கள் போதும். அடுத்த விடுமுறையில் நான்கு நண்பரோடு புறப்படுங்கள். புராணத்தையும் கொண்டுபோங்கள், கல்வெட்டையும் படியுங்கள், இரண்டையும் ஒத்துப் பாருங்கள். நமக்கு உவப்பான கதையை இருமுறை ஐயுறுங்கள். பாறையில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். அங்கு ஏற்கெனவே எழுதியவனின் பெயரை ஊரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

நாம் திருவாதவூரை விட்டுப் புறப்படும்போதே அப்பணி தொடங்கிவிட்டது. குன்றின் அடியில் எதிர்ப்பட்ட பேரனிடம் பெரியவர் மேலே கைகாட்டிச் சொன்னார்: "அது பரசு குடுத்த எடம்டா."